ஹெர்வே பினெட் மறைக்கப் பார்த்த திமிங்கிலம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முழுத் திமிங்கிலத்தைக் கடலில் மறைக்கப் பார்த்தவர் எங்கள் ஊர் ஹெர்வே பினெட் ஒருவர்தான். எங்கள் ஊர் பெர்லின். ஜெர்மனியில் இருக்கிறதே அது இல்லை. நியூ ஹாம்ஷயர் மலைகளுக்கு நடுவே காகித ஆலையின் நாற்றத்தில் வளர்ந்த பெர்லின்.

அந்த ஆலையில் மரக்கூழ் வேகவைக்கும் இடத்தில்தான் ஹெர்வே காலமெல்லாம் நின்றார். வேலையில் குறை சொல்ல முடியாது, குறும்புதான் தாங்காது. மேற்பார்வையாளரின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளேயிருந்து தவளை குதிக்கும். மாதா கோயில் காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழும். யார் செய்தது என்று யாரும் விசாரிப்பதில்லை, நேராக ஹெர்வேயைத்தான் திட்டுவார்கள். மனைவி இருந்தவரை ஏதோ கொஞ்சம் கடிவாளம் இருந்தது. அவள் போன பிறகு கேட்பாரில்லை.

கனடாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் பிரெஞ்சுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஏப்ரல் முதல் தேதி காகிதத்தில் மீன் வெட்டி, ஆளுக்குத் தெரியாமல் முதுகில் ஒட்டிவிடுவோம். ஒட்டுப்பட்டவர் மீனைச் சுமந்துகொண்டு திரிவார். ஊரே சிரிக்கும், ஆனால் ஒருவரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரலில் ஹெர்வே போயும் போயும் லொரெட் க்ளூட்டியர் முதுகில் கை வைத்தார். லொரெட் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், கணவரை இழந்தவர், பொய் என்பதே வாயில் வராதவர். மாடியில் வாசித்து முடித்து நற்கருணை வாங்க அந்தம்மா இறங்கி வந்தபோது, முதுகில் பழுப்புக் காகித மீன் ஆடிக்கொண்டே வந்தது. சபை சிரிப்பை அடக்க இருமித் தீர்த்தது.

அதற்கப்புறம் அந்தம்மா ஹெர்வேயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். திட்டாததால் அந்தம்மாவையே நினைத்துக்கொண்டு கிடந்தார். நினைத்து நினைத்து, அறுபத்தெட்டு வயதில் காதலே வந்துவிட்டது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

சொல்லவும் வழியில்லை. லொரெட்டின் தங்கை சிமோன் அக்காவை விட்டு நகர மாட்டாள். நிழலாவது மத்தியானத்தில் காலடியில் ஒடுங்கும், சிமோன் அப்போதும் ஒடுங்க மாட்டாள். கடைத்தெருவில் ஹெர்வே பேச வாயெடுத்தால், தவளை எங்கே என்று கேட்பாள். ஹெர்வே வந்த வழியே திரும்பிவிடுவார்.

ஆனால் கடவுள் சிமோனுக்கு ஒரு குறையை வைத்திருந்தார். பஸ் ஏறினால் அவளுக்குக் குமட்டும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வார இறுதியில் எங்கள் கோயில் முதியவர்கள் பஸ் பிடித்துக் கடலோரத்து க்ளாஸ்டருக்குப் போவார்கள். பொரித்த மட்டிச் சிப்பி தின்று, ஒரு ராத்திரி தங்கி, திமிங்கிலம் பார்த்துத் திரும்பும் பயணம். கோயில்காரர்கள் வற்புறுத்தி லொரெட் வந்த முதல் வருஷம் கடல் முழுக்கப் பனிமூட்டம், பக்கத்தில் நின்றவரின் மூக்கே தெரியவில்லை. திமிங்கிலம் தென்படாவிட்டால் மறுமுறை இலவசம் என்பது படகுக்காரர்களின் வாக்கு. எல்லோர் கையிலும் இலவச டிக்கெட் கொடுத்தார்கள். ஊர் சுற்றுவதே பிடிக்காத லொரெட், கையில் இருக்கும் டிக்கெட்டை வீணாக்குவது பாவம் என்று மறு வருஷமும் வந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை ஹெர்வேக்கு. வருஷத்தில் சிமோன் இல்லாத இரண்டே நாள்!

அந்த இரண்டு நாளில் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவார். சொல்வது என்னவோ மழையைப் பற்றியும் மட்டியைப் பற்றியும்தான். ஆகவே அவருக்கு இன்னொரு வருஷம் வேண்டும். இன்னொரு வருஷம் வேண்டுமென்றால் திமிங்கிலம் தென்படக் கூடாது. இரண்டாம் வருஷம் படகு கரைக்குத் திரும்பும் நேரத்தில் பின்பக்கம் ஒரு கறுத்த முதுகு எழுந்தது. பார்த்தவர் ஹெர்வே மட்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எல்லோருக்கும் மறுபடி இலவச டிக்கெட்.

மூன்றாம் வருஷம் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சனியன் பிடித்த வெயில் என்று ஹெர்வே மனசுக்குள் திட்டினார். துறைமுகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது லொரெட் பின்னாலிருந்து அவர் முதுகில் தட்டி, இன்றைக்கு நன்றாகத் தெரியுமாம் என்றார். அந்தம்மா கை பட்டதில் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்தது. அதிலிருந்து பார்த்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். டிக்கெட் கிழித்த பெண் சிரித்தாள், கேப்டன் நினோ சிரித்தார். காதல் வந்தால் முகத்தில் களை வரும் என்பார்களே, அதுதான் என்று ஹெர்வே எண்ணிக்கொண்டார்.

படகில் திசையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். முன்முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. முதலில் பார்ப்பவர் மணியைச் சொல்லிக் கத்த வேண்டும். நடுக்கடலில் நான்கு மணிப் பக்கம் வெள்ளையாக நீர் பீச்சியது. ஹெர்வே கண்ணில்தான் முதலில் பட்டது.

"பத்து மணி! பத்து மணி!" என்று கத்தினார்.

கூட்டம் மொத்தமும் இடப்பக்கம் ஓடியது, படகே ஒரு பக்கம் சாய்ந்தது. லொரெட் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கேப்டன் தொலைநோக்கியில் தேடிப் பார்த்துவிட்டு, பெரியவருக்குக் கண்ணில் பூச்சி பறக்கிறது போல என்று ஒலிபெருக்கியிலேயே நக்கலடித்தார். ஹெர்வே பல்லைக் காட்டினார். ஜெயித்தோம் என்றிருந்தது.

திமிங்கிலத்துக்கு ஹெர்வேயின் கஷ்டம் எங்கே தெரியும்? நேராகப் படகை நோக்கி வந்தது. லொரெட் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குக் கீழேயே எழுந்து, ஒரு பக்கமாகப் புரண்டு, நீண்ட துடுப்பைத் தூக்கித் தண்ணீரில் அறைந்தது. அது விட்ட மூச்சில் எல்லோரும் நனைந்தார்கள். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம்! அட, நம்ம ஆலை வாசனை என்று பெர்லின்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே பூரித்துப்போனார்கள்.

ஹெர்வே மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் போயிற்று. இனி இலவச டிக்கெட் இல்லை, லொரெட் வரப்போவதில்லை, மிச்சம் இருப்பது சிமோனும் தவளையும்தான். கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று லொரெட்டையே பார்த்தபடி நின்றார். அந்தம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பாவம், குமட்டல் போல என்று நினைத்தார்.

கரை நெருங்கும்போது கேப்டன் நினோ வழக்கமாகச் சொல்லும் வேடிக்கையைச் சொன்னார். திமிங்கிலம் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்கலாம், அவர்களுக்கு மறுமுறை இலவசம். எல்லோரும் சிரித்தார்கள். லொரெட் கை தூக்கினார்.

"என்னம்மா, உங்க தலை மேலயே மூச்சு விட்டுச்சே. இன்னும் ஈரம் காயல."

"நனைஞ்சது நிஜம். ஆனா பாக்கல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்."

"எதுக்கு?"

"பாத்துட்டு இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும். எனக்குப் பொய் வராது." பிறகு ஹெர்வே பக்கம் விரலை நீட்டினார். "இந்த பினெட்டும் பாக்கல. என்னைத்தான் பாத்துட்டிருந்தார்."

"நீங்கதான் கண்ணை மூடிட்டிருந்தீங்களே, எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா அந்த ஒரு வேலையத்தான் பண்றார்."

படகு அதிர எல்லோரும் சிரித்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். அன்றைக்கு இருண்டது ஹெர்வேக்குத்தான். காது வரை சிவந்து, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றார். கேப்டன் இறங்கி வந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"திரும்புங்க," என்றார் லொரெட்.

திரும்பினார். முதுகிலிருந்து எதையோ பிய்த்தெடுக்கும் சத்தம் கேட்டது. லொரெட் கையில் பழுப்புக் காகித மீன், ஓரமெல்லாம் மடங்கி, நாலு வருஷம் எங்கேயோ பத்திரமாகக் கிடந்த மீன். காலையில் முதுகில் தட்டியது எதற்கு, டிக்கெட் கிழித்த பெண் ஏன் சிரித்தாள், எல்லாம் அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. ஊரையே ஏய்த்த மனுஷன் முதுகிலேயே மீன்! கையிலிருந்த டிக்கெட்டைக் காட்டி ஒருவழியாகக் கேட்டார்.

"அப்போ... அடுத்த வருஷமும் வருவீங்களா?"

லொரெட் மீனை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் யாரு காத்திருக்கிறது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிமோன் பல் டாக்டர்கிட்டப் போறா. வீட்டுக்கு வாங்க, காபி போட்டு வைக்கிறேன். சர்க்கரைய மட்டும் நானே போட்டுக்கிறேன்."