முத்துவீரனைக் கொன்ற கட்டுரை

ருவான்வெல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறவள் ஜெயம்மா. வீண்பேச்சு பேசமாட்டாள். பேசினால் எதிரில் நிற்கிறவர் பாடு திண்டாட்டம். தொண்ணூற்றெட்டில் அவளுக்கிருந்த கவலை ஒன்றுதான்: லயம் என்ற வரிசை வீடுகளில் அவள் குடியிருந்த காம்பராவின் கூரைத் தகரம். பதினொரு ஓட்டை. மழை பிடித்தால் அவளும் புருஷன் முத்துவீரனும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் குந்தியிருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு எழுத்தாளர் வந்தார். தோட்ட மக்களுக்காகப் பத்திரிகையில் பொங்குகிறவராம். ஜெயம்மா ஓட்டைகளைக் காட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"மழை பெய்ஞ்சா அழுவீங்களாம்மா?"

"அழுதா ஓட்டை அடையுங்களா? வாளி வைப்போம்."

இதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸம்சுதீன் நானா தன் கடையில் கட்டுரையை வாசித்துக் காட்டினார். ‘மரம் வடிப்பது பாலா, இவள் குருதியா? வானமே கூரையாகிப்போன இந்த விதவைத் தாய்க்கு யார் பதில் சொல்வது?’

"விதவையா? யாரு நானா?"

"நீதான் தங்கச்சி. போன மழைக்குக் கூரை விழுந்து முத்துவீரன் மௌத்தாம்."

பக்கத்தில் நின்ற முத்துவீரன் கையை நீட்டினான். "செத்தவனுக்கும் ஒரு பீடி குடுங்க நானா."

ஜெயம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பொய்யால் தகரம் வராமல் போகுமோ என்று பயந்தாள்; அப்படியே ஆயிற்று. தகரம் பார்க்க வந்த தோட்டத்து அதிகாரி கையில், யாரோ படித்துச் சொல்லியிருந்த அதே கட்டுரை. செத்தவன் எதிரே நிற்கிறான், விழுந்த கூரை மேலே நிற்கிறது, ஓட்டை மட்டும் நிசமா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, நிமிர்ந்துகூடப் பாராமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் எழுத்தாளர் பூரித்துப்போய் வந்தார்.

"படிச்சவங்க எல்லாம் அழுதுட்டாங்கம்மா!"

"அவங்க அழுதாங்க, நாங்க நனையிறோம். எம் புருஷன எதுக்கு சார் கொன்னீங்க?"

"அது ஒரு உத்திம்மா. மனசத் தொடணும்னா..."

வெளியே மழை பிடித்தது. ஜெயம்மா பலகையை இழுத்துப் பெரிய ஓட்டைக்கு நேர் கீழே போட்டாள்.

"உக்காருங்க. எண்ணுங்க."

சட்டை தொப்பலாக நனைய அவர் எண்ணி முடித்தார்.

"பதினொண்ணும்மா."

"அத எழுதுங்க. புருஷன் உசுரோட இருக்காருன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மறு ஞாயிறு நானா கடையில் புதுக் கட்டுரையை வாசித்தார்: ‘பதினொரு விழிகளால் வானம் அழுதது...’

"போதும் நானா, மடிச்சு வைங்க," என்றாள் ஜெயம்மா. "அந்த அதிகாரிக்குச் சிங்களத்துல மூணு வரி எழுதித் தாங்க. லயத்து நம்பர், ஓட்டை பதினொண்ணு, மழை பெய்யிற அன்னைக்கு வந்து பாருங்க."

"கொஞ்சம் உருக்கமா ஏதாச்சும் சேர்க்கவா?"

"உருக்கித்தான் ஒரு தடவ இவரக் கொன்னாச்சே."

கீழே முத்துவீரன் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி மழையில் வந்தார், நனைந்தார், எண்ணினார். மாசக் கடைசியில் தகரம் வந்தது. அது தன் பேனாவின் வெற்றி என்று எழுத்தாளர் அரைப்பக்கம் எழுதியிருந்தார். ஸம்சுதீன் நானா வாசிக்கத் தொண்டையைச் செருமினார். ஜெயம்மா பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.