எடை குறைக்கும் ஆபரேஷன் பற்றிக் கேட்கத் தங்கையோடு மல்லேஸ்வரம் வரை

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை செல்வியை அழைத்துக்கொண்டு பெங்களூர் போய் வந்தேன். அவளுக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடை, சர்க்கரை, முழங்கால் வலி. எடை குறைக்கும் ஆபரேஷனில் பல வகை இருக்கிறதாம். எதில் என்ன தொந்தரவு வரும், இவளுக்கு எது சரி என்று கேட்கத்தான் இந்தப் பயணம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று முருகனை நினைத்து எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்திலிருந்து காலை ஆறரைக்கு ரயில். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். சுரங்கம் மூடிய பிறகு எட்டு வருஷம் நாங்கள் இருவரும் இதே ரயிலில்தான் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் வந்தோம். அப்போது செல்வி குச்சி மாதிரி இருப்பாள். சாயங்காலம் ரயில் நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் கம்பி வழியாகத் துப்பட்டாவை எறிந்து இரண்டு பேருக்கும் சீட்டுப் பிடித்துவிடுவாள். அன்று காலையில் படியேறவே என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாலூர் தாண்டியதும் ஆரம்பித்தாள். "அக்கா, டாக்டர் ரூம்ல நீ வாயத் தொறக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் சமாச்சாரம் மட்டும் மூச்சு விடாத."

"ஏன்டி?"

"அது இருந்தா பைபாஸ்தான் பண்ணுவாங்களாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க. கொடல மாத்தி ஒட்டறதாம். எனக்கு பயமா இருக்கு. முருகன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். பண்ணியிருக்கக் கூடாது.

ஒன்பதுக்குப் பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன். அங்கிருந்து மல்லேஸ்வரம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரத் தம்பி ஈஜிபுராவில் இருக்கும் தமிழ்ப் பையன், இருநூறு கேட்டான்.

"நாங்க இந்த ஊருக்கு வேலைக்கு வந்தப்ப நீ பொறந்திருக்கவே மாட்டப்பா. நூத்தம்பது."

"ஹத்து ரூபாயாவது சேத்துக் குடுங்கம்மா," என்று பத்து ரூபாயைக் கன்னடத்தில் கேட்டான். நூற்று அறுபதில் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். ஸ்லீவ் என்பது இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தை வாழைக்காய் மாதிரி ஆக்குவது. தையலில் கசிவோ ரத்தமோ வரலாம். நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், இருப்பது கூடலாம். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் இரைப்பையின் மேல்பாகத்தை முட்டையளவு பிரித்து, சிறுகுடலை அதில் இணைக்கிறார்கள். கசிவு இதிலும் உண்டு. இணைத்த இடத்தில் புண் வரலாம், குடல் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். சர்க்கரைப் பொங்கல் ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டால்கூடப் படபடப்பு, மயக்கம், பேதி வரலாம். சத்துக் குறைவு இதில் அதிகம், ஆயுசுக்கும் மாத்திரை. இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டுவது என்று ஒன்று இருந்ததாம். அது நழுவுகிறது, உள்ளே அறுக்கிறது என்று இப்போது அதிகம் செய்வதில்லை. காலில் ரத்தக்கட்டி, பித்தப்பையில் கல் எல்லாம் எந்த வகையிலும் வரலாமாம்.

"முட்டி வலி மாத்திர தெனம் போடறீங்க. பைபாஸ் பண்ணா அது புண்ணாக்கும். அதனால ஸ்லீவ் சரியா வரும்னு தோணுது. நெஞ்செரிச்சல் ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர்," என்றாள் செல்வி.

எனக்குச் சத்தியம் ஞாபகம் இருந்தது. ஆனால் ரயிலில் தினமும் எனக்குச் சீட்டுப் பிடித்த பெண், வெட்டிய பிறகு திரும்ப வைக்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நாலு வருஷமா ரெண்டு தலகாணி வெச்சு உக்காந்த மாதிரிதான் தூங்கறா. புளிச்ச தண்ணி வாய்க்கு வந்து இருமறா. பையில ரோஸ் கலர் மருந்து பாட்டில் இருக்கும், எடுக்கச் சொல்லுங்க."

"அக்கா," என்றாள் செல்வி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. எண்டோஸ்கோபி பாத்துட்டுதான் முடிவு. உணவுக்குழாய்ல புண்ணு இருந்தா ஸ்லீவ் வேணாம். பைபாஸ்னா முட்டி மாத்திரைய நிறுத்திட்டு வேற வழி பாப்போம். பயத்த எங்கிட்ட சொல்லுங்க, நோயையும் சொல்லுங்க."

பக்கத்துக் கோயிலில் நின்று, சத்தியத்தை மீறியதற்குத் திருத்தணியில் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். செல்வி வெளியிலேயே நின்றாள். காபி வாங்கிக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் குடித்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். வலி மாத்திரை, விரதம், தூக்கம் எதையும் மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விடாத வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி, மூச்சுத்திணறல் வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். வாயாடி ஒருத்தியைக் கூட அழைத்துப்போங்கள்.

சாயங்காலம் கண்டோன்மெண்டில் ஒரே கூட்டம். கோபத்தில் செல்வி முழங்கால் வலியையும் பார்க்காமல் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் நின்றிருந்தது. அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கைக்குட்டையை ஒரு சீட்டில் போட்டாள். பக்கத்துச் சீட்டுக்குப் போட வேறெதுவும் இல்லாமல், ஆஸ்பத்திரி ஃபைலை உள்ளே தள்ளினாள்.

ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் ஒயிட்ஃபீல்டு தாண்டியது.

"எண்டோஸ்கோபிக்கு நீயும் வா," என்றாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"வர்றேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"தொற," என்றாள்.