கவர்னர் நேசையன்

கொல்லயிலில் நேசையன் என்று கேட்டால் எந்த நேசையன் என்று திருப்பிக் கேட்பார்கள். கவர்னர் நேசையன் என்றால் கையோடு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். அவர் கவர்னர் இல்லை. கவர்னருக்குத் துணி தேய்த்தவர். அந்த வித்தியாசத்தை அவரும் எடுத்துச் சொன்னதில்லை, நாங்களும் துருவிக் கேட்டதில்லை. பக்கத்து மனையில் இருந்த நான் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் பம்பாய்க்குப் போய், ஒரு சரக்குக் கப்பலில் சலவைக்காரராகச் சேர்ந்தார். கப்பல் பழுதாகி ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் ஒதுங்கியபோது முதலாளிகள் கையை விரித்துவிட்டார்கள். அங்கே கெர்மாரெக் என்ற கடற்படை அதிகாரி வீட்டில் இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. "சாயிப்புக்கு ஒரு காது கேக்காது. பீரங்கிச் சத்தத்துல போனதாக்கும்" என்பார் நேசையன், தானே பக்கத்தில் நின்று பார்த்ததுபோல. காது போனவரை இனிக் கப்பலில் வைக்க முடியாது. எங்கோ நடுக்கடலில் கிடந்த ஒரு சின்னத் தீவுக்குக் கவர்னராக்கி அனுப்பிவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டியோடு நேசையனும் போனார்.

கெர்மாரெக் அந்தத் தீவையும் கப்பலாகத்தான் நடத்தினார். விடிந்ததும் மணி அடிக்கும். கொடி ஏறும்போது தேங்காய் வெட்டுகிறவர்களெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். சனிக்கிழமையானால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். நிலம் முழுவதும் சர்க்காருக்குச் சொந்தம். ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஓலை வேய்ந்து அங்கே குடியிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷம், தீவு மொத்தமும் கடற்படைக்கு வேண்டும், ஆட்களைப் பெரிய தீவுக்கு அனுப்பிவிடு என்று பாரிசிலிருந்து உத்தரவு வந்தது. துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று கவர்னர் பிடிவாதமாக இருந்தார். அதனால் குடிசைகளில் ஏறிப் பேசிப் பார்க்க நேசையனை அனுப்பினார்.

இந்த இடத்துக்கு வந்ததும் நேசையன் எழுந்து நின்றுவிடுவார். "ஒரு வெடி வைக்கல்ல மக்கா! ஒவ்வொரு புரயா கேறி எறங்கி நானாக்கும் பறஞ்சது. அங்க போனா வீடு உண்டு, குழாயில வெள்ளம் உண்டுன்னேன். எல்லாவனும் நம்பினான். ஏன் நம்பினான்? நான் அவனுக நெறமாக்கும்!"

நாங்கள் கைதட்டுவோம். இந்தக் காரியத்துக்காகத்தான் கெர்மாரெக்குக்கு இன்னும் பெரிய தீவு கிடைத்தது. நேசையனுக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு கிடைத்தது. எழுபத்திமூன்றில் ஊருக்கு வந்தபோது அதைப் போட்டுக்கொண்டுதான் பாறசாலை ரயிலடியில் இறங்கினார். பிறகு மீனமாத வெயிலிலும் வேதக்கோவிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போய் வியர்த்து வழிந்தார்.

அவர் இல்லாத காலத்தில் அவருடைய மனைவி ஜெபகுமாரி இங்கே தனியாக வேறொரு பாடுபட்டாள். நாங்கள் எல்லாரும் ஒரு பெரிய தறவாட்டுக் குடும்பத்தின் தென்னந்தோப்பில் குடிசை போட்டுக் குடிகிடப்பாக இருந்தவர்கள். குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வரப்போகிற சமயத்தில், தறவாட்டுக் காரியஸ்தன் பொன்னப்பன் வீடு வீடாக ஏறினான். இப்போதே குடிசையைப் பிரித்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனால் ஓட்டுவீடு கட்டித் தருவோம் என்றான். சிரித்த முகம், தேன் ஒழுகும் பேச்சு. இரண்டு குடும்பம் நம்பிப் போனது. இன்றைக்கும் அவர்கள் அந்தக் கரையில் ஓலைக்குக் கீழேதான் கிடக்கிறார்கள். ஜெபகுமாரி மட்டும் வாசலில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், கப்பக்கிழங்கு வெட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அசையாததால்தான் நாங்களும் அசையவில்லை. பத்து சென்ட் அவள் பேரில் பதிவானது. எங்களுக்கும் கிடைத்தது.

அவள் ஒருத்திதான் கவர்னர் கதையை உட்கார்ந்து கேட்டதே இல்லை. அவர் ஆரம்பித்ததும் "அடுப்புல வேலை உண்டு" என்று உள்ளே போய்விடுவாள். நேசையனுக்கு அது முள்ளாய்க் குத்தியது. ஊர் முழுக்கத் தலையில் தூக்கி வைத்து ஆடியும் என்ன பிரயோஜனம்? தோப்பைக் காத்தவள் அவள். தானும் அங்கே சும்மா இருக்கவில்லை என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதனின் ஆசை.

ஜெபகுமாரியின் தம்பி ராபின்சன் துபாய்க்குப் போய் அனுப்பிய பணத்தில் குடிசை இருந்த இடத்தில் செங்கல் வீடு எழும்பியது. புதுவீட்டுப் பால்காச்சுக்கு அவனும் லீவில் வந்திருந்தான். பொன்னப்பனும் வந்திருந்தான். தறவாடு பாகம் பிரிந்து, அவன் அப்போது கல்யாணத் தரகு பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் ஜெபம் முடித்து, முதல் பந்தி எழுந்ததும் ராபின்சன், "அத்தான், கவர்னர் கதைய எடுங்க" என்றான்.

நேசையன் கோட்டைச் சரிசெய்துகொண்டு மனைவியைப் பார்த்தார். "ஜெபகுமாரி, இன்னைக்கு நீயும் இருந்து கேளு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அவ்வளவு நன்றாக அதற்கு முன் சொன்னதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அவளைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று, எங்களிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"செலின்னு ஒரு பெண்ணு. மாப்பிள கப்பல்ல வேலைக்குப் போயிருந்தான். எறங்க மாட்டேன்னு வாசல்லயே இருந்தா. நானும் கூட இருந்து தேங்கா பொளந்து குடுத்தேன். உனக்க மாப்பிள அந்தத் தீவுல வந்து காத்து நிக்கான்னு பறஞ்சேன். உடனே எறங்கினா! அவளுக்க துணிக்கெட்ட எனக்க தலையிலயாக்கும் சொமந்தேன்."

நாங்கள் சிரித்தோம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பொன்னப்பன். எழுந்து வந்து நேசையனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நேசையா, நீயும் நம்ம ஆளாக்கும்! இதே வேலதானே நானும் இங்க பாத்தது? வீடு உண்டு, வெள்ளம் உண்டுன்னு நானும் பறஞ்சேன். உனக்க பெண்டாட்டிகிட்ட மட்டும் பலிக்கல்ல."

அவன் மனதில் ஒரு விஷமும் இல்லை. தொழில் தெரிந்த இன்னொருவனைக் கண்ட சந்தோஷம், அவ்வளவுதான். நேசையன் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பத்து சென்டில் உட்கார்ந்துகொண்டு ஆறு வருஷமாக இந்தக் கதைக்குக் கைதட்டியவர்கள் நாங்கள். வெட்கக்கேடு! பொன்னப்பன் சொல்லும்வரை எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

ஜெபகுமாரி தணிந்த குரலில் கேட்டாள். "அவளுக்க மாப்பிள அங்க வந்திருந்தானா?"

"இல்ல."

"வீடு?"

"ஒண்ணும் இல்ல. துறமுகத்துல ஒரு கொட்டகை உண்டு."

"பறயும்போ அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் நேசையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் எழுந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நல்ல காலம்" என்றாள். "பொன்னப்பன் இங்க வந்தப்போ நீங்க ஊருல இல்ல."

பிறகு அடுத்த பந்திக்கு இலை போடப் போனாள்.