ஒன்றரைச் சால்

விற்கிற சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாத உத்தியோகம் ஒன்று உண்டென்றால், அது கலப்பை ஆலையில் செயல்விளக்கம் தரும் பெண்ணுடையதுதான். எழுபதுகளில் செகந்திராபாத்தை அடுத்த குகட்பள்ளிப் பக்கம் ஒரு சர்க்கார் ஆலையில் எனக்கு அந்த வேலை. வாயால் விளக்குவது நான். ஓட்டிக் காட்டுவது ஆலையின் உழவு ஆள் யாதய்யா. பக்கத்து நாற்காலிக்காரர் வேலையைப் பார்த்து ஏங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம் ஆள்தான்.

கைப்பிடி

நின்றபடியே தள்ளிக் களையெடுக்கும் கருவி ஒன்று வந்தது. களையெடுப்பது பெண்கள்; கைப்பிடியோ என் கழுத்துக்கு வந்தது. அரையடி குறைக்கச் சொல்லி வரைபடப் பிரிவு செல்வராஜ் அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் செகந்திராபாத்தில் மூன்றாம் தலைமுறைத் தமிழர்; 'ஏன்' என்பதற்கு ஊர் உருதுவில் 'கைக்கு' என்பார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "கைக்கும்மா இந்த வம்பெல்லாம்? வாங்கப் போறது ஆம்பளைதானே!"

நிமிர்ந்த வேலை

ஆனாலும் குறைத்துக் கொடுத்தார். இன்று கணினி நிறுவனங்கள் நிற்கும் கொண்டாப்பூர் அப்போது சோளக்காடு. பெண்களின் முதுகைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த மாதம் போனால், அந்தக் குட்டைக் கைப்பிடியில் கம்பு கட்டி நீட்டி, ஆண்கள் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்! கருவி விட்டுவைத்த களையைப் பெண்கள் வழக்கம்போலக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாலம்மா என்பவள் தலையைத் தூக்காமலே தெலுங்கில் சொன்னாள்: "குனிஞ்சு செய்யறவரைக்கும் எங்க வேலை. நிமிர்ந்து செய்யலாம்னு ஆனதும் அவங்க வேலையாயிடுச்சும்மா."

குச்சிக் காலம்

பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி சொன்னார்: ஆதியில் குச்சியால் மண்ணைக் கிளறி விதைத்தது பெண்கள்தானாம், மாடும் கலப்பையும் வந்த பிறகுதான் உழவு ஆண் கைக்குப் போனதாம். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, ஒருமுறையாவது மேழி பிடிக்க வேண்டும். வெட்கத்தை விட்டு யாதய்யாவிடம் கேட்டேன். நல்ல மனுஷன், பதறிப்போனார்: "பொம்பளை ஏர் பிடிச்சா மழை வராதும்மா. நக்கோ, வேணாம்!"

சோதனை வயல்

புருஷன் இறந்த பிறகு கலப்பை வாங்கப் பாலம்மாவே ஆலைக்கு வந்தாள். யாதய்யா சாப்பிடப் போயிருந்தார். "நீயே ஓட்டிக் காட்டேன்" என்றாள்.

ஆலையின் சோதனை வயலில் அவள் மாடுகளை நடத்த, நான் மேழி பிடித்தேன். மண் புரண்டு வாசம் எழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல் சால் ஒரே கோணல். இரண்டாவது நேராகப் போயிற்று. பாதியில் யாதய்யா வரப்பில் வந்து நின்றார். நானாகவே மேழியை விட்டு விலகி நின்றேன். பாலம்மா என்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்டாள்: "அவரு கேக்கவே இல்லையே, நீ ஏம்மா விட்டே?"

ஓய்வுபெறும்வரை எத்தனையோ கலப்பைகளை விற்றேன். உழுதது ஒன்றரைச் சால், ஏக்கமெல்லாம் நானாக விட்ட அந்த அரைச் சாலுக்குத்தான்.