பால்சுறாவும் பால் டின்னும்

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா யோசிக்கவில்லை. பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்திக்குப் பால் ஊறவில்லை என்று நெம்மேலியில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள்.

மீன்பிடிக்கிற ஊரில் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா? மறுநாளே பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தோடு வந்து நின்றாள். "இன்னாடி இது, பச்சப் புள்ளைக்கு டின் பாலு? பால்சுறா புட்டு துன்னட்டும், தானா ஊறும்" என்றாள். அவளைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்துக் கோடிவீடு. வீடே சுறா நாற்றம்.

விஷயம் வேறு. சித்தி உடம்பில் எச்.ஐ.வி. இருந்தது. கர்ப்பமாக இருந்தபோது செங்கல்பட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தெரிந்ததாம். வலி கண்டதும் அவள் விழுங்க ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளை வாயில் கொஞ்சம் மருந்து. அப்புறம் டின் பால் மட்டும்தான். அதையும் கொடுத்து தாய்ப்பாலையும் கொடுத்தால் நோய் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். இதையெல்லாம் நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்தப் புட்டைத் தின்ன வேண்டியவள் நான்.

ஆமாம், நான்தான். சித்தி தின்றால் பால் கூடிவிடும். கொல்லையில் கொட்டினால் கோழி கிளறிக் காட்டிக் கொடுத்துவிடும். அப்பாவுக்குச் சுறா என்றாலே குமட்டும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைச் சாத்தி எனக்குச் சுறாப்புட்டு. பிள்ளை பெற்றது யாரென்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை வீறிட்டு அழ, பக்கத்து வீட்டு அத்தை விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கிச் சித்தி மடியில் போட்டு, அவள் ரவிக்கைக் கொக்கியிலேயே கை வைத்தாள்.

"வெக்கப்படாத. வாய வெச்சா போதும், வந்துடும்."

குரல் உயர்த்தியே அறியாத சித்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "போ அக்கா. போயிடு" என்று கத்தினாள். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பெத்தவளா நீ?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள்.

அப்போதுதான் பார்த்தேன். சித்தியின் ரவிக்கை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு வந்ததே கோபம். அத்தனை நாள் நான் சுறா தின்றது இதற்குத்தானா?

"பால் இருக்குல்ல சித்தி, குடுத்தா இன்னா?"

அவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அவன அந்த ரூமுக்குத் தூக்கினு போடி. அவன் அழுவறது கேக்கக் கேக்க ஊறுது. என்னால முடியல."

தூக்கிக்கொண்டு போய் அம்மா கலக்கி வைத்திருந்த பாட்டிலை வாயில் வைத்தேன். குடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி அழுவது கேட்டது. தானும் கொடுக்க மாட்டாள், கொடுக்காமல் அழவும் செய்வாள், நல்ல அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அத்தை கேட்டது நியாயம்தான் என்றும் பட்டது.

ஒன்றரை வயதில் அவனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தார்கள். அவனுக்கு எதுவும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய சித்தி அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்பா கை நீட்டினார், தரவில்லை. அம்மா கேட்டாள், தரவில்லை. அவன் இறங்கி ஓடத் துடித்துக்கொண்டு சிரித்தான், அப்போதும் விடவில்லை. அழுதபோது தூக்க மாட்டாள், சிரிக்கிறபோது இறக்கிவிட மாட்டாள், இவளோடு பெரிய ரோதனை என்று எனக்கு அலுத்துப்போயிற்று.