நடைத்தடம்

நவநீதகிருஷ்ணன் வருஷம் தவறாமல் பொங்கலன்று அண்ணனுக்குப் போன் போடுவான். "எப்பங்ண்ணா வாரீங்க? உங்க காடு உங்களக் காணாம ஏங்கிப்போய்க் கெடக்குதுங்க" என்பான். பிலாஸ்பூரில் வாடகை வீட்டு வாசலில் நின்றபடி மயில்சாமி அதைக் கேட்பார். கேட்ட நாள் முழுக்கச் சிரித்த முகமாகவே திரிவார். அந்தத் தம்பிக்கு வாயில் இருந்தது நாக்கா வெல்லக்கட்டியா என்று யாராலும் சொல்ல முடியாது.

மயில்சாமிக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே சின்னக்காட்டுப்புதூர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரிக் வண்டிக்கு ஓர் ஆளையாவது அனுப்பாத வீடு குறைவு. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியைத்தான் அங்கே ரிக் என்பார்கள். சொந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்திருந்தால் எவன் அடுத்தவன் பூமியைத் துளைக்க வடக்கே போகப்போகிறான்? மயில்சாமியும் மீசை அரும்பின கையோடு வண்டி ஏறினார். குழாய் தூக்கினார், டிரில்லர் ஆனார், கடைசியில் மேனேஜர் ஆனார். கல்யாணம் ஆனதும் மனைவி வசந்தாமணியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மகள் மதுமதி வீட்டில் தமிழும் தெருவில் இந்தியுமாக அங்கேயே வளர்ந்தாள்.

இடையில் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்; விளைநிலத்தைத்தான் அங்கே காடு என்பார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ரோட்டை ஒட்டின முன்காடும் அதிலிருந்த வீடும் ஊரில் இருக்கிற தம்பிக்கு. பின்னால் மேடாகக் கிடந்த காடு மயில்சாமிக்கு. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். திருச்செங்கோட்டில் பத்திரம் எழுதுகிறவர் எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"பின்காட்டுக்குப் போகத் தடம் எழுதலீங்களே. எத்தனையடின்னு சொல்லுங்க, சேத்திப் போடறேன்."

மயில்சாமி கடகடவென்று சிரித்தார். "ஏனுங்க, என்ற தம்பி காட்டுல நான் நடக்கறதுக்கு எழுத்து வேணுமாக்கு? ஊரு கேட்டாச் சிரிக்காதுங்களா?"

நவநீதகிருஷ்ணன் முகம் அப்போது பூரித்துப் போயிருந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் மயில்சாமியால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தில் தடத்தைப் பத்திரத்தில் ஏற்றுவது அந்நியனிடம் செய்கிற காரியம். கூடப்பிறந்தவனிடம் கேட்டால் நீ என்னை மறிப்பாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். அப்படி ஒரு வார்த்தை சொல்ல மயில்சாமிக்கு வாய் வருமா? வெளியே வந்த பிறகு வசந்தாமணி மட்டும், "பத்திரக்காரரு சொன்னாப்பல எழுதியிருக்கலாமுங்க" என்றாள். "உன்ற பொறந்த ஊட்டுப் புத்திய இங்க காட்டாத" என்று அவளை அடக்கிவிட்டார்.

மதுமதி படிப்பை முடித்து, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் லேப் வேலைக்குச் சேர்ந்ததும் மயில்சாமி மூட்டை கட்டிவிட்டார். இனி வடக்கு வேண்டாம். மேட்டுக்காட்டில் போர் போடுவது, வீடு கட்டுவது, அங்கிருக்கிற வேப்பமரத்துப் பக்கமாக வாசல் வைப்பது என்று எல்லாம் மனசுக்குள் எப்போதோ கட்டி முடித்தாயிற்று. குடிபோவதுதான் பாக்கி.

தம்பி வீட்டில் வரவேற்புக்குக் குறைவில்லை. நாட்டுக்கோழி அடித்தார்கள். தம்பி மனைவி சுகன்யா, "மாமா, இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க" என்று இலையை விட்டு எழவிடவில்லை. போர் போடப் போவதை மயில்சாமி சாப்பிடும்போதே சொன்னார். நவநீதகிருஷ்ணன் தலையாட்டினான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதைத்தான் மயில்சாமியால் பிற்பாடு செரிக்கவே முடியவில்லை. பிடிக்கவில்லையென்றால் அங்கேயே சொல்லியிருக்கலாமே!

மறுவாரம் காலையில் வண்டி வந்தது. அவரே மேனேஜராக இருந்த கம்பெனியின் வண்டி. கம்ப்ரசர் லாரியும் பின்னாலேயே. வண்டியிலிருந்த பையன்கள் எல்லோரும் அவரிடம் தொழில் கற்றவர்கள். முன்காட்டு முகப்பில் திரும்பப் போன லாரி நின்றுவிட்டது. தடத்தின் குறுக்கே டிராக்டர் நின்றது. பக்கத்தில் நவநீதகிருஷ்ணன்.

"டிராக்டரத் தள்ளி நிறுத்துடா. வண்டி ஏறோணுமல்ல."

"அண்ணா, வண்டிய உள்ள ஏத்த வேண்டாமுங்க."

"ஏன், குச்சிக்கெழங்கு நட்டிருக்கியா? பாத்து ஓரமா ஏத்தச் சொல்றேன்."

"அதுக்கில்லீங்ண்ணா. இது நடைத்தடமுங்க. வண்டித்தடம் இல்லீங்க."

மயில்சாமி சிரித்தார். தம்பி விளையாடுகிறான் என்றே நினைத்தார். தம்பி சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.

"எந்த நாயத்துலடா இது நடைத்தடம்? நம்மப்பன் எருவண்டி ஓட்டுன தடம் இது."

"அது ஒரே காடா இருந்தப்பங்க. இப்பப் பாகம் ஆயிப்போச்சல்லங்க. நீங்க நடந்து எப்ப வேணாலும் போங்க, வாங்க. உங்களப் போவேண்டாம்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிருமுங்க. வண்டி மட்டும் வேண்டாம்."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடந்து போகலாம். ரிக் போகக்கூடாது, செங்கல் லாரி போகக்கூடாது, மணல் போகக்கூடாது, ஜல்லி போகக்கூடாது. தலைச்சுமையில் வீடு கட்ட மயில்சாமி என்ன எறும்பா? கழுத்தை அறுக்கிறவன் கத்தியையாவது காட்டுவான். இவன் வாங்க, போங்க என்று மரியாதை குறையாமல் அறுத்தான். வண்டியிலிருந்த பையன்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ ஊரில், எவனெவன் காட்டிலோ அவர் சொன்ன இடத்தில் இறங்கின வண்டி, அவர் காட்டுக்குப் போகமுடியாமல் பின்னாலேயே நகர்ந்து திரும்பிப் போனது. அன்றைக்குக் குனிந்த தலையை அவர் வெகுநாள் நிமிர்த்தவில்லை.

காரணம் சாயங்காலமே வெளியே வந்துவிட்டது. சுகன்யா காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். "சந்தோஷுக்குக் கோழிப்பண்ணை போட்டுக் குடுக்கோணும்னு இருக்கறமுங்க மாமா. மேட்டுக்காடுதான் அதுக்குத் தோதுங்கறாங்க. நீங்க டவுன்ல இருந்து பழகுனவீங்க, இந்தக் காட்டுல வந்து என்ன பண்ணப்போறீங்க? அத எங்களுக்கே குடுத்துப்போடுங்க." சந்தோஷ்குமார் அவர்கள் மகன். ஆக, பொங்கலுக்குப் பொங்கல் வரச்சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் அண்ணன் வரமாட்டான் என்கிற தைரியத்தில். வந்துவிட்டான் என்றதும் தடம் குறுகிவிட்டது.

மயில்சாமி காபியைத் தொடவில்லை.

ஊரில் பேச்சு வைத்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். வண்டித்தடம்தான் என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் போதும், நவநீதகிருஷ்ணன் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்றார்கள். மயில்சாமிக்கு அதில் கவலையே இல்லை. வள்ளியாத்தாள் இருக்கிறாள். பக்கத்துக் காட்டுக்காரி. புருஷன் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் தானே மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, அந்தத் தடத்தில் எருவண்டி ஓட்டினவள். அந்த வண்டியில் தொற்றிக்கொண்டு போய் அவளிடம் திட்டு வாங்காத நாளே மயில்சாமிக்கு இல்லை.

"சொல்லுங்கக்கா" என்றார் மயில்சாமி.

வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள். பிறகு கோயில் பக்கம் பார்த்தாள். "எனக்கென்னுங்க தெரியும்? ஆளுக நடந்து போவாங்க, வருவாங்க. வண்டி போனாப்பல ஞாபகம் இல்லீங்க."

அவள் ஆடுகள் தண்ணீர் குடிப்பது நவநீதகிருஷ்ணன் தொட்டியில். அவள் கிணறு வற்றி வருஷக்கணக்காகிறது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் இருக்கிறவனைப் பகைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து நேற்று வந்தவனுக்கு நியாயம் சொல்லி யாருக்கு என்ன லாபம்? தம்பி செய்தது தம்பியோடு போயிருக்கும். ஊரே சேர்ந்து செய்ததை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? எழுந்து போகும்போது வள்ளியாத்தாள், "கோவிச்சுக்காத சாமி" என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம் என்று வக்கீல் ஒருவர் சொன்னார். எந்தக் காலத்தில் என்று சொல்லவில்லை. மயில்சாமி போட்டுவிடுவதென்றுதான் நின்றார். வசந்தாமணிதான் மறித்தாள்.

"கோர்ட்டு தடத்த வாங்கிக் குடுக்குமுங்க. அந்தத் தடத்துல தெனமும் இவிய மூஞ்சியில முழிச்சுட்டுப் போயிட்டு வந்து, அந்தச் சோறு நமக்கு எறங்குமுங்களா?"

மயில்சாமி வழக்கை விட்டுவிட்டார். அன்று பத்திரம் எழுதின இடத்தில் அவளை அடக்கினது நினைவுக்கு வந்தது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீடு பார்த்தது மதுமதி. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலை ரோடு ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சின்ன வீடு. கிளினிக்குக்கு ஸ்கூட்டியில் போய்வரச் சுலபம். மயில்சாமி முதலில் அதைத் தங்கல் என்றுதான் சொன்னார். டிரங்குப் பெட்டியைப் பிரிக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிற கார்க்கூட்டத்தைத் திட்டினார், தெருக்குழாய்த் தண்ணீரைத் திட்டினார், சுவரில் ஆணி இறங்கவில்லை என்று அதையும் திட்டினார். எதிர்வீட்டுக் காளிதாஸ் ஒருநாள், "ஏங்க, ஓமலூர்ப் பக்கம் போர் மோட்டாரு ஏத்தி எறக்க ஆள் தேடறாங்க, நீங்க போறீங்களா?" என்று கேட்டார். போனார். ஒரு வேலை நாலாகி, காலையில் போனால் பொழுது சாயத்தான் வந்தார். எப்போது பெட்டியைப் பிரித்தார்கள் என்று அவருக்கே தெரியாது. கேட்டால், "துணி எடுக்க வேண்டாமுங்களா?" என்றாள் வசந்தாமணி.

காட்டை மட்டும் விற்கவில்லை. நவநீதகிருஷ்ணன் ஆள் மேல் ஆள் விட்டான். "முள்ளு மொளச்சுக் கெடந்தாலும் கெடக்கட்டும், அவனுக்கு இல்ல" என்றுவிட்டார். மனசு ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆறவில்லை. பொங்கலன்று போன் அடித்தால் இப்போதும் யாரென்று முதலில் அவர்தான் ஓடிப்போய்ப் பார்ப்பார். தம்பி கூப்பிடுவதை நிறுத்தி இரண்டு பொங்கல் ஆகிவிட்டது.

போன தை மாதம் சந்தோஷ்குமாருக்குக் கல்யாணம் கூடிவந்தது. தம்பியும் சுகன்யாவும் தட்டோடு வந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் அழைத்துவிட்டுப் போனார்கள். மயில்சாமி போவதாக இல்லை. "அந்தப் பையன் நமக்கு என்னுங்க பண்ணுனான்? போயி அட்சதை போட்டுட்டு வந்துரலாம்" என்றாள் வசந்தாமணி. திருச்செங்கோட்டு மண்டபத்தில் போய் இறங்கினார்கள்.

வாசலிலேயே நவநீதகிருஷ்ணன் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். இழுத்துக்கொண்டு போய் சம்பந்தி வீட்டார் மத்தியில் நிறுத்தினான். பெண்ணின் அப்பா பரமத்திப் பக்கத்துப் பண்ணைக்காரர், நாலு பேர் மதிக்கிற மனிதர். "மாப்பளைக்குப் பெரியப்பாங்களா? உங்கள இதுவரைக்கும் பாத்ததே இல்லீங்களே. எந்த ஊர்ல இருக்கறீங்க?" என்று கேட்டார்.

மயில்சாமி வாயைத் திறப்பதற்குள் நவநீதகிருஷ்ணன் அவர் தோளில் கையைப் போட்டான். "எங்களோடதானுங்க சம்பந்தி. அண்ணன் காடும் என்ற காடும் ஒட்டுனாப்பலதான். வடக்க இருந்துட்டதுல ஊடு கட்டறது தள்ளிப்போச்சு. இந்த வருசம் கட்டிருவாருங்க. அண்ணன் தம்பி ஒரே வாசல்லதானுங்க இருப்போம்."

எவ்வளவு அழகாகச் சொன்னான்! குரலில் ஒரு பிசிறு இல்லை. காட்டுக்குள் வண்டியை விடாதவன் கல்யாண மண்டபத்தில் ஊரைத் தூக்கிக் கையில் கொடுத்தான். சம்பந்தி போனதும் திரும்ப வாங்கிக்கொள்வான். மயில்சாமிக்கும் கேட்க இனித்தது. பேசாமல் தலையாட்டிவிடலாம். ஒரு முகூர்த்தப் பொழுதுக்காவது சின்னக்காட்டுப்புதூர்க்காரராக நிற்கலாம். அந்த ஆசை இன்னும் தனக்குள் இருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

"இல்லீங்க" என்றார். "எனக்கு ஊரு சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிங்க. இங்க ஒரம்பரையா வந்திருக்கறனுங்க."

ஒரம்பரை என்றால் விருந்துக்கு வந்த உறவுக்காரர். தம்பி மகன் கல்யாணத்தில் பெரியப்பன் ஒரம்பரை ஆவதில்லை. அவன் வீட்டுக்காரன், வந்தவர்களை வாங்க என்று சொல்லவேண்டியவன். சம்பந்தி என்னவோ தமாஷ் என்று சிரித்தார். நவநீதகிருஷ்ணனுக்குப் புரிந்தது. அவன் கை அண்ணன் தோளிலிருந்து தானாக இறங்கியது.

முகூர்த்தத்தில் அட்சதை போட்டார். வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கவனித்து அனுப்பிவிட்டுக் கடைசிப் பந்தியில்தான் உட்கார்வது வழக்கம். வசந்தாமணி தயங்கி நின்றாள்.

"வா, உக்காரு" என்று அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மயில்சாமி முதல் பந்தியில் சாப்பிட்டார்.