பின்னால் கட்டிய கைகள்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு முடி வெட்டுகிற அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், நரைத்த மீசை. வெட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் என் தலையைப் பார்த்தபடி நிற்பார். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போல இருக்கும்.

ஒருநாள் ஏனென்று கேட்டே விட்டேன்.

"அது பாங்கொக் பழக்கம்," என்றார். "அங்க மூண்டு வருசம் சலூன் வைச்சிருந்தனான். கதிரை, கத்தரிக்கோல் எல்லாம் நான் வாங்கினது. ஆனா ஒரு தலையிலயும் நான் கை வைக்கேலாது. தலைமயிர் வெட்டுற வேலை அந்த நாட்டு ஆக்களுக்கு மட்டும்தான் எண்டு சட்டம்."

"போக முதல் தெரியாதோ அண்ணை?"

"கடை திறந்தாப்பிறகுதான் தெரியும். வேலைக்கு நிண்ட அந்த நாட்டுப் பிள்ளை காதுக்குப் பின்னால எப்பவும் கொஞ்சம் வெட்டாம விட்டிடுவா. எனக்குக் கை துருதுருக்கும். அதுதான் இப்பிடிக் கட்டிக்கொண்டு நிண்டனான்."

"அவவிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். பாவம், முகம் வாடிப்போகும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கைகள் மட்டும் பின்னாலேயே இருந்தன.

இப்போதெல்லாம் அவர் வெட்டி முடித்துக் கைகளைக் கட்டியதும் நான் எழுந்துவிடுவதில்லை. குறையென்று ஒன்றும் இராது. என்றாலும், "அண்ணை, காதுக்குப் பின்னால கொஞ்சம் நிக்குது போல," என்பேன்.

அது பொய்யென்று அவருக்கும் தெரியும்.

"ஓம், ஓம், நிக்குது," என்று கத்தரிக்கோலை எடுப்பார்.